மைலோ டின்னுக்குப் பக்கத்தில் புழு

என் தம்பி வீட்டு அடுப்படியில், மைலோ டின்னுக்கும் சீனி டப்பாவுக்கும் நடுவில், ஓர் ஊறுகாய்ப் போத்தலுக்குள் புழு ஒன்று இருக்கிறது. ஸ்பிரிட்டில் ஊறி இப்போது வெளுத்துவிட்டது. வெளியே எடுத்த அன்று கறுஞ்சிவப்பாக இருந்தது. பென்சில் தடிமன், நீட்டிப் போட்டால் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வரும். அது தம்பியுடைய நாயின் வலது சிறுநீரகத்துக்குள் குடியிருந்தது. குடியிருந்தது என்பது மரியாதையான சொல். அந்தச் சிறுநீரகத்தை அது தின்று முடித்திருந்தது.

நான் அரசாங்க மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தவள். தைப்பிங்கில் தொடங்கி ஈப்போவில் ஓய்வு பெற்றேன். சீழ், அழுகிய குடல், வெட்டியெடுத்த கால் எதைப் பார்த்தும் நான் முகம் சுளித்தது கிடையாது. தியேட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்ணம் உண்டு, ஒரு வாளி உண்டு, ஒரு முறை உண்டு. எனக்கு அருவருப்பு வருவது ஒரு பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும்போதுதான். சிறுநீரகத்தில் இருந்த புழுவைவிட மைலோ டின் பக்கத்தில் இருக்கும் புழு என்னை அதிகம் குமட்ட வைக்கிறது. எடுத்து வெளியே வை என்று போகும்போதெல்லாம் சொல்கிறேன். சரி அக்கா என்கிறான். ஒருமுறை எடுத்தும் வைத்தான், தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில்.

தம்பி இருப்பது ஈப்போவுக்குத் தெற்கே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில். தோட்டம் கைமாறிச் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்டது. லயங்களை இடித்தபோது அங்கிருந்த குடும்பங்களுக்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று அவனுடையது. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டாள், மகள் சிங்கப்பூரில். வீட்டில் அவனும் நாயும். நாயை அவன் "தம்பி" என்றுதான் கூப்பிடுவான். அந்தக் கணக்கில் நான் அதற்கும் அக்கா. இந்த உறவுமுறையை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அவன் குளிக்கும்போது நாய் குளியலறை வாசலில் படுத்திருக்கும். முன்பு ஒருமுறை உள்ளே வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்கும்வரை நாய் குரைத்துக்கொண்டே இருந்ததாம். அப்போதிருந்து அவன் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை, நாயும் வாசலை விட்டு நகர்வதில்லை. நான் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்கிறேன். எங்கள் இருவரில் அவனுக்கு உண்மையில் பயன்படுவது யார் என்பதில் சந்தேகம் இல்லை.

ஒரு நாள் காலை அவனுடைய பழைய வேன் ஈப்போவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்னால் போன் செய்யவில்லை. நாயைத் தூக்கி என் போர்ச்சில் இறக்கினான். அது இரண்டடி வைத்துக் காலைத் தூக்கியது. நான் அப்போதுதான் கழுவிவிட்டிருந்த வெள்ளை டைல்ஸ் மேல் சாயத் தண்ணீர் போலச் சிவப்பாகப் போனது. நடுவில் ஈரல் துண்டு போல ரத்தக்கட்டி. எதிர்வீட்டு அம்மா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் ஆபரேஷன்லாம் பாத்தவ. பாரு" என்றான் தம்பி.

"நான் பாத்தது மனுஷனுக்கு."

"உள்ள எல்லாம் ஒன்னுதான் லா, அக்கா."

எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது பெரும்பாலும் சரி.

எனக்குத் தெரிந்த கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் ஒரு சீனப் பெண், என் மகள் வயது இருக்கும். தம்பியிடம் மலாயில் பேசினார், என்னிடம் ஆங்கிலத்தில். நாயின் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒருமுறை பார்த்து, ஒரு புத்தகத்தைப் புரட்டி, மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழுப்பு நிறத்தில் முட்டைகள், இரண்டு பக்கமும் மூடி போட்டதுபோல, ஓடு முழுக்கக் குழி குழியாக. தம்பியும் எட்டிப் பார்த்தான். பலாக்கொட்டை மாதிரி இருக்கு என்றான். பலாக்கொட்டை போட்ட கறியை நான் கைவிட்டது அன்றைக்குத்தான்.

அதன்பின் வயிற்றை ஸ்கேன் செய்தார். இடது சிறுநீரகம் ஒழுங்காக இருந்தது. வலது சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பை, அதற்குள் வளையம் வளையமாக ஏதோ சுருண்டு கிடந்தது. ராட்சதச் சிறுநீரகப் புழு என்றார் மருத்துவர். படித்திருக்கிறாராம், இதுவரை நேரில் பார்த்ததில்லையாம். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்தேன். அபூர்வமான கட்டி வரும்போது எங்கள் சர்ஜன்கள் முகத்திலும் அதே சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவருக்கு அது தெரியாமல் இருப்பது நல்லது.

புழு வரும் வழியை அவர் விளக்கினார். நோய் கண்ட மிருகத்தின் சிறுநீரோடு முட்டை குட்டைக்குப் போகிறது. குட்டைச் சேற்றில் இருக்கும் சின்னப் புழு அதைத் தின்கிறது. அந்தச் சின்னப் புழுவை மீனோ தவளையோ தின்கிறது. அந்த மீனையோ தவளையையோ நாய் பச்சையாகத் தின்கிறது. பிறகு புழு நாயின் குடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்துக்குள் புகுந்துகொள்கிறது. ஒருவர் கழிவை இன்னொருவர் தின்று, அவரை மற்றொருவர் தின்று, கடைசியில் சிறுநீராகத் திரும்பக் குட்டைக்கே போய்ச் சேரும் ஒரு சுற்று. இயற்கையை ரசிக்கச் சொல்லும் ஆட்களை இந்த இடத்தில் நான் நினைத்துக்கொண்டேன்.

நாய் என்ன சாப்பிடுகிறது என்று மருத்துவர் கேட்டார். சோறு, அவித்த கோழிக் கழுத்து, பிஸ்கட் என்றான் தம்பி. மீன்? குழம்பில் மிஞ்சியது மட்டும், அதுவும் வெந்தது. பச்சையாக? தம்பி சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றான். வீட்டுக்குப் பக்கத்தில் குட்டை இருக்கிறதா என்றார். இருந்தது. அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம், இப்போது தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. லம்பக் குட்டை என்போம். அங்கே நாய் தவளை எதையாவது பிடித்திருக்கும் என்று தம்பியே முடித்து வைத்தான். தவளையின் மேல் பழியைப் போட்டதில் எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

வலது சிறுநீரகத்தைப் புழுவோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். இடது ஒன்றை வைத்துக்கொண்டு நாய் நன்றாக வாழும். ஆனால் இனிமேல் பச்சை மீன் உணவு கூடாது, தவளை கூடாது, குட்டைப் பக்கம் போகக்கூடாது. இதைத் தம்பியிடம் மலாயில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்:

"இன்னொரு புழு இடது பக்கம் போனால், வெட்டியெடுக்க எனக்கு இன்னொரு சிறுநீரகம் கிடையாது."

நான் அதைத் தமிழில் தம்பிக்குச் சொன்னேன். தலையாட்டினான். அவன் கை நாயின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், சாவித்துவார முறையில், மூன்று சின்னத் துளைகள் போட்டுச் செய்வதாக மருத்துவர் சொன்னார். நாய் ரத்தம் இழந்து சோர்ந்திருந்தது. பெரிய வெட்டை அது தாங்காது. தம்பி அதை "ஓட்டை ஆபரேஷன்" என்று ஊருக்கெல்லாம் போன் செய்து சொன்னான். நான் உள்ளே நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். மருத்துவர் என்னை ஒரு கணம் அளந்து பார்த்துவிட்டு, ஒரு மூலையில் நிற்கலாம், எதையும் தொடக்கூடாது என்றார். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பயிற்சி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

குறை சொல்ல நிறைய இடம் தேடினேன். துணி விரித்த விதம் சரி. கை கழுவியது சரி. உதவிக்கு இருந்த பெண் துணிப்பஞ்சை வாய்விட்டு எண்ணவில்லை, வாய்க்குள் முணுமுணுத்தாள். நான் என் மூலையில் இருந்து தனியாக எண்ணிக்கொண்டேன். காற்றை ஏற்ற ஏற்ற நாயின் வயிறு பூரி போல எழும்பியது. கேமரா உள்ளே போனதும் திரையில் எல்லாம் வந்தது: ஈரல், குடல், கொழுப்பு. தம்பி சொன்னதுபோல எல்லாம் ஒன்றுதான். வலது சிறுநீரகம் மட்டும் சிறுநீரகமாக இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பலூன் ஈரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தோலுக்கடியில் ஏதோ அசைந்தது. திரையில்தான் பார்த்தேன். ஆனாலும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

ஒட்டியிருந்ததை மெல்லப் பிரித்து, ரத்தக்குழாய்களுக்குக் கிளிப் போட்டு வெட்டி, சிறுநீர்க் குழாயையும் கட்டி வெட்டி, பலூனை உடையாமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தள்ளினார். ஒரு துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பையோடு வெளியே இழுத்தார். சுத்தமான வேலை. நான் இருந்த தியேட்டராக இருந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பிறகு மூலையில் இருந்த மேசையில் வைத்து அந்தப் பலூனைக் கிழித்தார். என் பக்கம் இருந்த மூலை. பழுப்புச் சிவப்பில் ஒரு தண்ணீர் கிண்ணத்தில் வழிந்தது. துருப்பிடித்த இரும்பும் கெட்ட முட்டையும் கலந்த வாடை. அதற்குப் பின்னால் பெரியது வழுக்கிக்கொண்டு வந்தது, அதைச் சுற்றிக்கொண்டு சின்னது ஒன்று. பெரியது உயிரோடு இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் தலையை வைத்து, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதுபோல மெதுவாகத் திரும்பியது. பலூனுக்குள் சிறுநீரகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, தோல் மட்டும். குழம்பில் கிடக்கும் கெட்டியான லக்சா நூடுல்ஸை நான் அதன்பிறகு தொட்டதில்லை. ஈப்போவில் இருந்துகொண்டு லக்சா சாப்பிடாமல் இருப்பது சின்ன விஷயமில்லை.

சின்னப் புழுவை மருத்துவர் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொண்டார். பெரியதைத் தம்பி கேட்டு வாங்கினான். எதற்கு என்று கேட்டேன். இவ்வளவு செய்ததைச் சும்மா விட்டுவிட முடியுமா என்றான். வேனில் வழி முழுக்க அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் வந்தேன், ஏனென்றால் அவன் ஓட்ட வேண்டும், பின்னால் நாய் படுத்திருந்தது.

நாய் வீடு திரும்பிய அன்று மாலை தாமானே, அந்தக் குடியிருப்பு முழுவதும், திரண்டு வந்தது. நாயைப் பார்க்க வந்தவர்கள் பாதி, புழுவைப் பார்க்க வந்தவர்கள் மீதி. போத்தல் கைக்குக் கை மாறியது. ஓர் அக்கா அதைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். இன்னொருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே கையால் என் தட்டில் இருந்து ஒரு வடை எடுத்தார். நாய் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு மூலையில் கிடந்து எல்லோரையும் பார்த்தது. தையலை நக்கக்கூடாது, கூம்பைக் கழற்றக்கூடாது, குதிக்க விடக்கூடாது, மாத்திரை சோற்றோடு, என்று நான் தம்பியிடம் வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன்.

மறுநாள் தையலைப் பார்க்கப் போனேன். முன்கதவு திறந்திருந்தது, கூடத்தில் யாருமில்லை. நாற்காலியில் பிளாஸ்டிக் கூம்பு கிடந்தது. அதற்கு முன்பே வாடை வந்துவிட்டது: சேறும் பாசியும் மீன் கவிச்சியும். அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே யாருக்கு ஆபரேஷன் நடந்தாலும் யாராவது ஒருவர் ஹாருவான் மீன் கொண்டுவருவார். விரால்தான். இந்த நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லோரும் எந்தச் சண்டையும் இல்லாமல் ஒத்துப்போகும் ஒரே விஷயம், ஹாருவான் சாப்பிட்டால் வெட்டுப்புண் சீக்கிரம் ஆறும் என்பதுதான். வார்டில் இருந்த காலத்தில் பார்வையாளர் நேரம் வந்தால் ஒவ்வொரு படுக்கையின் பக்கத்திலும் ஒரு பிளாஸ்க் திறக்கும். இஞ்சியும் சேறும் கலந்த ஆவி வார்டு முழுக்கப் பரவும். நோயாளிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். நான் தடுத்ததில்லை. வெந்த மீன்தானே, கெடுதல் இல்லை. இப்போது அதை மாத்திரையாகவும் விற்கிறார்கள்.

பின்கட்டுக்குப் போனேன். ஒரு வாளி, அதன் மேல் பலகை, பலகை மேல் கல். உள்ளே ஏதோ முட்டி முட்டிக் குதித்தது. பக்கத்தில் குட்டையான முக்காலியில் தம்பி. முன்னால் வெட்டுப்பலகையில் பாதி வெட்டிய ஹாருவான், இன்னும் வால் துடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய சினேகிதர் ஒருவர் லம்பக் குட்டையில் தூண்டில் போட்டுப் பிடித்து, காலையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நாய் அவன் முழங்காலுக்கிடையில் உட்கார்ந்திருந்தது. தோலோடு ஒரு பச்சைத் துண்டு அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் பையைக் கீழே போட்டேன். நாயின் தாடையை ஒரு கையால் திறந்து, இன்னொரு கையை உள்ளே விட்டேன். வேலை செய்த காலம் முழுக்கக் கையுறை இல்லாமல் எந்த உடம்புக்குள்ளும் என் கை போனதில்லை. எச்சில் சூடாக இருந்தது, நாக்கு பாம்பு போலச் சுருண்டது, தொண்டையின் அடியில் மீன் வழுக்கியது. நகத்தால் பிடித்து இழுத்தேன். செதிலும் எச்சிலுமாக என் மணிக்கட்டு வரைக்கும் வடிந்தது. நாய் என்னைக் கடிக்கவில்லை. கடித்திருந்தாலும் நியாயம்தான்.

"பச்சை மீன் குடுக்காதன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லையா?"

"சாப்பாட்டுக்குத்தானே சொன்னாங்க" என்றான் தம்பி. பயந்து போயிருந்தான், ஆனால் தப்புச் செய்தவன் முகமாக இல்லை. "இது மருந்து லா, அக்கா. புண்ணு ஆற வேணாமா?"

"அவிச்சாவது குடுத்திருக்கலாமே."

"அவிச்சா சத்து போயிடும். மனுஷனுக்கு வாடைக்காக அவிக்கிறது. நாய்க்கு எதுக்கு? போன வருஷம் காட்டுப்பன்னி இதோட தொடையில குத்துனப்ப இதான் குடுத்தேன். தினமும் குடுத்தேன். எப்படி ஆறிப்போச்சு..."

அங்கே நின்றுவிட்டான். தன் வாயில் இருந்து வந்ததைத் தானே கேட்டதுபோல வாளியைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே மீன் பலகையை முட்டியது.

மருத்துவர் அவனிடம் நாய் என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். அவன் பொய் சொல்லவில்லை. மருந்து என்ன கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாவப்பட்ட தவளைகளைக் குற்றவாளியாக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது.

"இதுக்கு முன்னாடி எவ்வளவு போச்சு?"

இதுதான் முதல் துண்டு என்றான்.

தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் நாங்கள் எண்ணுவோம். கத்திரி, கிளிப், துணிப்பஞ்சு எல்லாம். யார் சொல்வதையும் நம்புவதில்லை, சர்ஜன் சொன்னாலும். பொருளை மேசையில் வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்தேன். மீன் தலையை வைத்தேன். அதற்குப் பின்னால் அவன் வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக, தோலின் புள்ளி பார்த்து, முள்ளோடு முள் சேர்த்து வைத்தேன். குடலைத் தனியாக ஓரத்தில். நாயின் வாயில் இருந்து எடுத்ததை அதன் இடத்தில். கடைசியில் வால். என் விரல்களில் சளிபோல ஒட்டியது. வாடை மூக்கின் உச்சிக்கு ஏறியது. மீன் மறுபடியும் மீனாகிக்கொண்டே வந்தது. வாலுக்கு முன்னால் ஓர் இடைவெளி. இரண்டு விரல் அகலம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒன்னு" என்றான். "அப்பதான். சின்னது."

அதற்குள் நாய் எழுந்துவிட்டது. என் விரல் தொண்டையில் பட்டதோ, மயக்க மருந்தின் மிச்சமோ, முதுகை வளைத்து, விலாவை உள்ளிழுத்து, குமட்டத் தொடங்கியது. நேற்றைக்குப் போட்ட தையல். ஒவ்வொரு முறை குமட்டும்போதும் வயிறு இறுகியது. நான் மண்டியிட்டு அதன் வயிற்றுக்கடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். நோயாளி இருமும்போது தையலைத் தலையணையால் அழுத்திப் பிடிக்கச் சொல்வோமே, அதுபோல. நாய் என் புடவைத் தலைப்பின் மேல், பிறகு சிமென்ட்டின் மேல், பிறகு வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தது. மஞ்சள் நுரை, சோறு, கரையாத மாத்திரை.

"தேடு" என்றேன்.

தம்பி கரண்டியைத் தேடவில்லை, கையுறையையும் தேடவில்லை. வாந்திக்குள் வெறுங்கையை விட்டான். சோற்றை விலக்கி, நுரையை வழித்து, விரல்களால் அளைந்தான். நாயை விட முடியாததால் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டேன். அவனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

கையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாய் மென்றிருக்கவில்லை, அப்படியே விழுங்கியிருக்கிறது. பேப்பர் பக்கத்தில் குந்தி, வாலுக்கு முன்னால் இருந்த இடைவெளியில் வைத்தான். தலைகீழாக வைத்தான். திருப்பி வைத்தான். தோலின் கறுப்புப் பட்டை இரண்டு பக்கமும் சேர்ந்தது.

"கணக்கு சரி" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். தியேட்டரில் அப்படித்தான் சொல்ல வேண்டும், எல்லோர் காதிலும் விழும்படி.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான். அந்தக் கையால் வேண்டாம் என்றேன். போய்க் கழுவிவிட்டு வந்து மீதியை அழுதான்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார். தையல் பிரியவில்லை. தம்பி மேசையின் முன்னால் நின்றுகொண்டே, யாரும் கேட்பதற்கு முன், மலாயில் எல்லாவற்றையும் சொன்னான்: காட்டுப்பன்றி, தொடைக் காயம், தினமும் கொடுத்த ஹாருவான், இன்று காலை. மருந்தென்று நினைத்தேன் டாக்டர் என்றான். அவர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன், கொஞ்சம் விரும்பவும் செய்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, தன் அப்பாவுக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது அம்மா இரண்டு வேளையும் ஹாருவான் சூப் வைத்துக் கொடுத்ததைச் சொன்னார். பிறகு எந்தக் குட்டை, அங்கே வேறு யாருடைய நாய்களெல்லாம் போகின்றன என்று கேட்டு விசாரித்தார்.

துண்டு வெளியே வந்துவிட்டது, அநேகமாக ஆபத்தில்லை என்றார். அநேகமாக. புழு வளர்ந்து முட்டையிடப் பல மாதம் ஆகும், அதனால் மாதாமாதம் சிறுநீரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இடையில் இடது பக்கத்தை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார். அதுவரைக்கும் தம்பி காத்திருக்க வேண்டும். புண் ஆறிய பிறகும் அவன் நாயின் இடது விலாவைத் தடவித் தடவிப் பார்ப்பான். வெளியில் தெரியாது என்று நான் சொன்னாலும் கேட்கமாட்டான்.

வாளியில் இருந்த மீன்களைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆசையாகக் கொண்டுவந்ததைத் திருப்பினால் சினேகிதர் மனம் நோகும். குழம்பு வைத்தான். எலும்பு கரையும்வரை கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகும் கொதிக்கவிட்டான். சினேகிதரையே கூப்பிட்டு உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னான். அவர் போத்தலையும் குழம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என் ரெண்டு நாயும், மச்சான்?" என்றார். அவரும் தம் நாய்களுக்கு மீன் குடலைப் பச்சையாகத்தான் போட்டு வந்திருக்கிறார். அவற்றின் சிறுநீரையும் அனுப்பிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அவர் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தம்பி மட்டும் சாப்பிட்டான். எனக்கு அந்த வாடையே போதுமாக இருந்தது.

மாதாமாதம் சிறுநீர் பிடிப்பது என் வேலையாகிவிட்டது. தம்பிக்கு முழங்கால் வலி, எனக்கு முறை தெரியும்: காலையில் முதல் சிறுநீர், தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். மனிதருக்கு இதைச் சொன்னால் போதும். நாய்க்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். அது மின்கம்பத்தை மோந்து, மனம் மாறி, அடுத்த வீட்டுக் கேட்டை மோந்து, மறுபடி மனம் மாறி, கடைசியில் காலைத் தூக்கும்போது குனிந்து, தம்பி கொடுத்த, நுனி வளைந்த நீளக் கைப்பிடிக் கரண்டியை அடியில் நீட்ட வேண்டும். தியேட்டரில் நான் நடந்து வந்தால் சர்ஜன்கள் பேச்சை நிறுத்துவார்கள். இங்கே தாமான் ஆட்கள் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். "சிஸ்டர், எங்க ரெண்டு நாய்ப் பசங்களுக்கும் பிடிச்சுக் குடுங்க லா" என்று சினேகிதரின் மனைவி ஒருநாள் கேட்டாள். பிடித்துக் கொடுத்தேன்.

போன மாதம்தான் கடைசி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெயில் ஏறுவதற்கு முன் பிடித்துவிட்டேன். கரண்டியில் வெளிர் மஞ்சளாக, அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. தம்பி குனிந்து பார்த்தான். வேனில் சிறுநீர்ப் போத்தலை அவனே மடியில் வைத்துக்கொண்டான், என்னை ஓட்டச் சொன்னான். கிளினிக்கில் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். இடது பக்கத்தை ஸ்கேன் செய்தார். முட்டை இல்லை, வளையம் இல்லை. ஒற்றைச் சிறுநீரகம் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டு, கொஞ்சம் பெரிதாகி, அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. தம்பி மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் கையைக் கழுவப் போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். பருப்பு வைத்தான், கோழி வைத்தான். நான் கூடத்தில் இருந்தேன். அவன் குளிக்கப் போனான், நாய் குளியலறை வாசலில் போய்ப் படுத்தது. கதவு தாழிடவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

தட்டு எடுக்க அடுப்படிக்குப் போனேன். மைலோ டின், புழு, சீனி டப்பா, எல்லாம் அதே இடத்தில். அடுப்பில் பருப்புச் சட்டி. அதற்குள் ஒரு கரண்டி. நீளக் கைப்பிடி, கைப்பிடியின் நுனியில் சின்ன வளைவு.

குளியலறைப் பக்கம் போய் நின்றேன். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டது.

"பருப்புச் சட்டியில இருக்கிற கரண்டி எந்தக் கரண்டி?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"கழுவிட்டேன் லா, அக்கா" என்றான் உள்ளேயிருந்து. "சோப்புப் போட்டு."